மகளின் மூச்சுச் சத்தம்

என் மகள் பிறந்து இரண்டு வாரம் ஆகும்போது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் வரும். வெளியே விடும்போது ஒன்றும் இருக்காது. கோடையில் தண்ணீர் இறங்கிப்போன கைப்பம்பை அடித்தால் காற்று மட்டும் கீச்சென்று ஏறி வருமே, கிட்டத்தட்ட அப்படி. தூங்கும்போது மெல்லிசாக இருக்கும். பால் குடிக்கும்போதும் அழும்போதும் அடுத்த அறைக்குக் கேட்கும்.

பிரசவத்துக்காக ஒடுகத்தூர் பக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தேன். பனிக்காலம். சளி கட்டியிருக்கும் என்றார்கள். கிளினிக் டாக்டரும் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, மூக்கடைப்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அது முடிந்ததும் ஒரு சிரப். அப்புறம் ஆவி மிஷின். மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் அவள் கையைக் காலை உதறி அழுவாள், சத்தம் இன்னும் ஏறும். மிஷினை நிறுத்தியதும் களைத்துத் தூங்கிவிடுவாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் வந்து எங்களை மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறார். நான் புதூர்நாட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பால்வாடி டீச்சர். மாதாமாதம் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது என் வேலை. இரண்டு பேருமே அடிவாரத்தில் பிறந்து, பிழைப்புக்காக மேலே வந்தவர்கள். அவருடைய அக்காவும் எங்களோடுதான் இருந்தார். கணவர் இறந்த பிறகு தம்பி வீடே கதி என்று வந்துவிட்டவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். வீட்டு வேலையில் முக்கால் பங்கு அவர் கையில்தான் நடக்கும்.

வாசலில் ஆரத்தி எடுத்துவிட்டு அண்ணி ஆசையாகக் கை நீட்டி குழந்தையை வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். காதைக் குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

"இன்னா சத்தம் இது?"

"சளி அண்ணி. டாக்டர்கிட்ட காட்டிக்கினுதான் இருக்கோம்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு மாசமா இருக்குது."

அவர் குழந்தையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். அதன்பிறகு குழந்தையின் துணிகளைத் துவைத்தார், குளிப்பாட்ட வெந்நீர் வைத்தார், எனக்குப் பால் ஊறவேண்டும் என்று பூண்டு போட்டுச் சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஆனால் குழந்தையை மட்டும் மடியில் போட்டுக்கொள்ளவில்லை. நான் நீட்டினாலும் "கை ஈரமா இருக்குது" என்பார். பெண் குழந்தை என்று பிடிக்கவில்லையோ என்று நினைத்து நான் மனதுக்குள் குமைந்தேன். அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அக்கா அப்டி நெனைக்கிற ஆளு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மலையில் காற்று குளிர்ந்தது. சத்தம் கூடியது. பால் குடிப்பதே அவளுக்குப் பெரிய உழைப்பாக இருந்தது. நாலு வாய் உறிஞ்சுவாள். பிறகு மார்பை விட்டுவிட்டு மூச்சுக்குத் தவிப்பாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே போகும், விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பசி அடங்காது, ஆனால் குடிக்கவும் பலம் இருக்காது. குடித்ததில் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். குப்புறப் போட்டால் சத்தம் கொஞ்சம் குறைகிறது என்று நானே கண்டுபிடித்தேன். அதனால் பகலெல்லாம் அவளை என் முழங்கையின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான் மகப்பேறு விடுப்பில் இருந்ததால் ஆயாதான் மையத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எடை மிஷினில் துணியை விரித்து அவளைப் படுக்க வைத்தேன். எத்தனையோ பிள்ளைகளை அதில் போட்டு, "இன்னாமா, போன மாசத்துக்கு ஏறவே இல்லியே, பால் குடுக்கிறியா இல்லியா" என்று அதட்டியிருக்கிறேன். வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை இருக்கும். என் மகளின் புள்ளி சிவப்பில் விழுந்தது. ஆயா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. மிஷின் சரியாக இருக்கிறதா என்று ஒரு பருப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் திருப்பத்தூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஆஸ்துமா மாதிரி இருக்கிறது என்று வேறு மருந்து கொடுத்தார். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாந்தம் என்றார்கள். தீட்டுக்காரி நிழல் பட்டது என்றார்கள். சூடு வைத்தால் நின்றுவிடும் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். மஞ்சள் கொம்பைத் தீயில் காட்டி, குழந்தையின் வயிற்றில், தொப்புளைச் சுற்றி வைப்பது. அதை வைக்கக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வேலையில் ஒன்று. புண் ஆகிச் சீழ் பிடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் முகத்துக்கு நேராக யாரும் வற்புறுத்தவில்லை. அண்ணி மட்டும் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒரு தடவ வெச்சிப் பாக்கலாமா?"

"அண்ணி, நீங்களுமா? நான் ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிக்கினு இருக்கறன்."

"ஊருக்குச் சொல்றது வேற."

"கொயந்தைக்குக் கொப்புளம் ஆயிடும் அண்ணி. பேச்சே வேணாம்."

அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார்.

அதற்கு அடுத்த வாரம் எடை பார்க்கும் நாள். தனியாகச் சமாளிக்க முடியாது, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று ஆயா சொல்லி அனுப்பினார். குழந்தைக்குப் பால் கொடுத்து, குப்புறப் போட்டுத் தூங்கவைத்து, அண்ணியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். பால்வாடி கூப்பிடு தூரம்தான். வேலை முடியும் முன்பே மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. ஓடி வந்தேன்.

வாசலிலேயே கருகிய மஞ்சள் வாசனை அடித்தது. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளை மடியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அவள் வந்த பிறகு அவர் அவளை மடியில் வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். சட்டையைத் தூக்கினேன். தொப்புளைச் சுற்றிப் பட்டாணி அளவில் சிவந்த வட்டங்கள், நடுவில் தோல் வெளுத்துப்போய் இருந்தன.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணி மஞ்சள் கொம்பை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர் வயிற்றைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் அவர். அன்று கத்தவில்லை. "ஏங்கா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் அண்ணியோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், பேசாமல் இருந்தோம்.

சூட்டுப் புண்ணில் ஒன்று நீர் கோத்துப் பழுத்தது. அதே நேரத்தில் சளியும் பிடித்தது, இந்தமுறை உண்மையாகவே சளி. மூக்கு ஒழுகியது, உடம்பு சுட்டது. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வண்டி எடுக்கும்போது, "மத்தியானம் வந்ததும் திருப்பத்தூர் போலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் குழந்தை பால் குடிக்க மறுத்தாள். சத்தம் மாறியது. கீச்சென்று நீளமாக இழுத்தவள் குட்டி குட்டியாக இழுக்க ஆரம்பித்தாள். உதட்டைச் சுற்றி நாவல் பழம் தின்ற மாதிரி நிறம் படர்ந்தது.

போன் போட்டேன். டவர் கிடைக்கவில்லை. வெளியே ஓடி வந்து பார்த்தால் தெருவில் ஒரு வண்டி இல்லை. அண்ணி என்னைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினார். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் அடித்து, திட்ட வாயெடுத்தவர், என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துத் திட்டாமல் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கம்மா."

முன்னால் ஒருவர் உட்காரும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வளைவுக்கு வளைவு பின்னால் பழங்கள் உருண்டு தகரத்தில் மோதின. நான் குழந்தையை முழங்கையில் குப்புறப் போட்டு, முகத்தைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தேன். அண்ணி என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, நான் ஆடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நிறுத்தும்போதெல்லாம் அண்ணியின் விரல் என் இடுப்பில் அழுந்தும். மூச்சு வந்ததும் தளரும். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எந்த ஊர்க்காரர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நிறம் திரும்பியது. இங்கே வைத்திருக்க முடியாது என்று 108 வண்டியில் வேலூருக்கு அனுப்பினார்கள். டவர் கிடைத்து, விஷயம் தெரிந்து, வீட்டுக்காரர் ஜீப்பிலேயே பின்னால் வந்து சேர்ந்தார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் இருந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தையின் சட்டையைக் கழற்றியவர் வயிற்றைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இது என்ன?"

நான் வயிற்றைக் கையால் மறைக்கப் போனேன், டாக்டர் என் கையை விலக்கினார்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ. டீச்சர் டிரெய்னிங்."

"என்ன வேலை?"

"பால்வாடி டீச்சருங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்களே இப்படிப் பண்ணினா, மத்தவங்களுக்கு யார் சொல்றது?"

என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நான் இல்லை, இவர் என்று கை காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன, காட்டாவிட்டால் என்ன என்று ஒரு அலுப்பு. அதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அவ வெக்கலீங்க. நான்தான் வெச்சேன். அவ வூட்ல இல்லாத நேரம் பாத்து வெச்சேன்."

டாக்டர் நர்ஸிடம் புண்ணுக்கு மருந்து போடச் சொன்னார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, நூல் மாதிரி மெல்லிய ஒரு கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, டிவி மாதிரி ஒரு திரையில் என் மகளின் தொண்டைக்குள் தெரிந்தது. ஈரமாக, சிவப்பாக இருந்தது. அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் இரண்டு பக்கத்திலிருந்தும் சதை உள்ளே சரிந்து வழியை மூடியது. ஒரு சின்னக் கீறல் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது. இத்தனை மாதமும் அவள் அந்தக் கீறல் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மூச்சுக்குழாய்க்கு மேல ஒரு மூடி மாதிரி இருக்கும். அது கொஞ்சம் கெட்டியா இருக்கணும். இவளுக்கு இன்னும் பிஞ்சாவே இருக்கு. அதனால மூச்சு இழுக்கும்போது தொளதொளன்னு உள்ள சாயுது. நிறைய குழந்தைங்களுக்கு இருக்கறதுதான். வளர வளரத் தானா கெட்டியாயிடும். ஆனா இவளுக்கு எடையே ஏறல, நெஞ்சு இழுக்குது. நாம காத்துக்கிட்டு இருக்க முடியாது. கொஞ்ச நாள் மூக்குல குழாய் போட்டுப் பால் குடுப்போம். உடம்பு தேறினதும் ஆபரேஷன்."

"அப்ப சளி இல்லீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சளி இப்ப வந்தது. இது பிறந்ததுலேருந்து இருக்கறது."

எழுந்திருக்கப் போனோம். அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்?"

"கேளுங்கம்மா."

"எனக்கு ஒரு பையன் பொறந்தான். கல்யாணம் ஆன மறு வருஷம். அவனுக்கும் இதே மாதிரி சத்தம் வரும். இதே மாதிரி. எல்லாரும் சூடு வெய்யின்னாங்க. நான் ஒத்துக்கல. பச்ச ஒடம்புல எப்டி வெக்கறதுன்னு கட்டிப் புடிச்சிக்கினேன். ஒரு நாள் காலையில பால் குடிச்சிக்கினு இருந்தவன் அப்டியே போயிட்டான். வெச்சிருந்தா பொயச்சிருப்பான்னு எங்க மாமியா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாங்க." டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்கும் இதானுங்களா இருந்திச்சி?"

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "பார்க்காம சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். சூடு வெச்சிருந்தாலும் அவன் பிழைச்சிருக்க மாட்டான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அண்ணி தலையை ஆட்டினார். சமாதானம் ஆனாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு, அக்காவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தவறிப்போனது தெரியும். என்னிடம் அவர் சொன்னதில்லை. அப்போது அவர் பள்ளிக்கூடம் போகும் பையன். சத்தம் எதுவும் அவருக்கு நினைவில்லை. வராண்டாவில் அக்காவும் தம்பியும் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்று நான் சொன்னது எனக்குள் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அந்தப் புண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கோபமும் வந்தது. ஒன்று வந்து இன்னொன்றைத் துரத்திவிடும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மூக்குக் குழாயோடு வாரக்கணக்கில் வேலூரில் இருந்தோம். பாலைப் பீய்ச்சி, ஊசிபோடும் சிரிஞ்சில் ஊற்றி, உயரத்தில் தூக்கிப் பிடித்தால் குழாய் வழியாகத் தானாக இறங்கும். என் குழந்தைக்கு நானே ஒரு மிஷினாகிவிட்ட மாதிரி இருந்தது. அவள் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு என் மார்பைத் தேடுவாள். கொடுக்கக்கூடாது. அண்ணி பகலில் வந்து சிரிஞ்சைப் பிடிப்பார், நான் குழந்தையின் வாயில் விரலைக் கொடுப்பேன். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டப் போய்விட்டு வருவார். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், ஜீப்பில் வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்பார்களாம், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று. "இருக்கறா" என்று மட்டும் சொல்வாராம்.

ஆபரேஷன் அன்று காலை அவளை ஒரு பச்சைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அந்தச் சத்தம் கேட்டது. கதவு மூடிய பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்து, ஐ.சி.யூவில் ஒரு நாள் வாய்க்குள் குழாயோடு வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் குழாயை எடுத்துவிட்டோம், வந்து பாருங்கள் என்று நர்ஸ் கூப்பிட்டார்.

உள்ளே போனேன். மல்லாக்கப் படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவளை மல்லாக்கப் போட்டு இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. சத்தம் இல்லை. "சிஸ்டர், மூச்சு வரலீங்க" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டு, என் உள்ளங்கையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. குழி விழவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை மூச்சு விட்டால் சத்தமே வராது என்பது எனக்குப் பழகவேண்டியிருந்தது.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தண்ணியாக எதைக் கொடுத்தாலும் புரை ஏறியது. பாலைக் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுக்கப் பழக்கினார்கள். எடை நின்று நின்று ஏறியது. சளி பிடித்தால் பழைய சத்தம் திரும்பி வந்து, நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவோம். "வீக்கம்தான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி மலை ஏறும்போது வீட்டுக்காரர் வளைவுக்கு வளைவு குழந்தையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போனேன். பால்வாடிக்கு வரும் பெண்கள் என் மகளின் சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தார்கள். வட்ட வட்டமாகத் தழும்பு. நான் எதையும் மறைக்கவில்லை. சூடு வெச்சாங்க, அதால சரியாவல, புண்ணுதான் ஆச்சு, வேலூர்ல ஆபரேஷன் பண்ணித்தான் சரியாச்சு என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு பெண், நான் சொல்லி முடித்ததும் சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னா டீச்சர், அந்தச் சூடு வெச்சதாலதான வேலூர் போற வரைக்கும் உசுரு நின்னிச்சி."

என் வேலையில் எழுதிக் கொடுத்த பதில்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து வந்தார்.

"இல்லமே. அது நான் பயந்து செஞ்சது. நீ வெக்காத."

அந்தப் பெண் வைத்தாளா, வைக்கவில்லையா என்று தெரியாது. சீக்கிரத்திலேயே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது என் மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. குரல் கொஞ்சம் கரகரப்பு. பேச்சு நிற்காது. வயதுக்கு உயரம் போதாது, எடையும் மஞ்சள் பட்டையைத் தாண்டி இப்போதுதான் பச்சைக்குள் காலை வைத்திருக்கிறது. அண்ணியை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றுகிறாள். ஆனால் அண்ணி இன்றுவரை என்னைக் கேட்காமல் அவளுக்கு ஒரு வாய் ஊட்டமாட்டார். மிட்டாய் கேட்டால், "அம்மாவக் கேளு" என்பார். குளிப்பாட்டலாமா என்று கேட்பார். கேட்காதீங்க அண்ணி என்று பலமுறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் திரும்பவும் கேட்பார். என் மனசில் என்ன மிச்சம் இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத் தெரிந்திருக்கிறதோ என்று சில சமயம் தோன்றும்.

போன மாதம் எனக்குத் திருப்பத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பு. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். வீட்டுக்காரருக்கும் அன்று வண்டி. ஆயாவும் ஊரில் இல்லை. முதல்முறையாக ஒரு பகல் முழுக்க மகளை அண்ணியிடம் மட்டும் விட்டுவிட்டுப் போனேன். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இடைவேளையில் போன் போட்டேன், மலையில் டவர் இல்லை. திரும்ப வரும் வழியெல்லாம் நான் பதறவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தரையில் உட்கார்ந்து களி உருண்டையைப் பிய்த்துப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கை, முகம், தலைமுடி எல்லாம் களி. என்னைப் பார்த்து ஒரு துண்டை நீட்டினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி சட்டென்று எழுந்து நின்றார்.

"காலையில இட்லி துன்னா. மத்தியானம் களி. தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுத்தேன். இருமல. கொஞ்ச நேரம் தூங்கனா."

அதிகாரிக்குக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"உக்காருங்க அண்ணி" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நான் பையை வைத்து, கை கழுவிக்கொண்டு வந்து மகளைத் தூக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.